தொற்று நோயும் தூக்கமும்

கொள்ளை நோய் நாட்டில் பரவும்பொழுது முதலில் எண்ணப்படுவோர் நோயுற்றோரும் மாண்டோருமே ஆவர். அடுத்தபடியாக மருத்துவமனைப் படுக்கைகள், பிராணவாயு, மருந்து, தடுப்பூசி ஆகியவற்றின் இருப்பு கணக்கிடப்படுகிறது. பின்னர் மூடிய ஆலைகளும் இழந்த கூலியும் கணக்கில் ஏறுகின்றன. இத்தனை கணக்குகளுக்கு நடுவே எந்தப் பதிவேட்டிலும் இடம் பெறாத இழப்பொன்று உண்டு. அது மக்களின் உறக்கம்.

கோவிட்-19 நோயை உலகப் பெருந்தொற்று என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020 மார்ச் 11ஆம் தேதி அறிவித்தது. அதனால் எழுந்த உலகளாவிய அவசர நிலை முடிவுற்றதாக 2023 மே 5ஆம் தேதி அதே ஸ்தாபனம் அறிவித்தது. இடைப்பட்ட மூன்றாண்டுகளில் கோடிக்கணக்கானோரின் உறக்கம் கெட்டது. நோய் தணிந்த பின்னரும் பலருக்கு அது முன்போல் திரும்பவில்லை.

இக்கேட்டுக்கு அச்சமே காரணம் என்பது பொதுவாக நிலவும் கருத்து. அது பாதி உண்மையே. மற்றப் பாதி பகற்பொழுதில் இருக்கிறது. எழும் நேரம், வேலைக்குப் புறப்படும் நேரம், பள்ளி மணி, வெயிலில் நடக்கும் நேரம், உணவு நேரம் என்று பகலை வகுத்து நின்ற ஒழுங்கு ஒரே நாளில் குலைந்தது. பகல் குலைந்ததால் இரவும் குலைந்தது. ஆகவே உறக்கத்தைக் காக்கும் வேலை இரவில் தொடங்குவதன்று, காலையில் தொடங்குவது. அது தனி மனிதரின் சொந்தக் காரியம் மட்டுமன்று; குடிநீரைப் போலவே பொதுச் சுகாதாரத்தைச் சேர்ந்த காரியம். ஊர்தோறும் மக்களிடையே பணியாற்றும் களப்பணியாளர்களும் ஆசிரியர்களும் இவ்வுண்மையை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

அடுகோடியும் அதன் அண்டையும்

பெங்களூரு நகரின் தென்பகுதியில், ஓசூர் சாலையை ஒட்டி அமைந்தது அடுகோடி. கால்நடை ஆராய்ச்சி நிலையங்களும், 1950களில் எழுந்த மைக்கோ தொழிற்சாலையும், காவல் துறையினரின் குடியிருப்புகளும், நெடுங்காலமாக வாழ்ந்து வரும் தமிழ்க் குடும்பங்களும் இவ்வட்டாரத்துக்கு உருக்கொடுத்தவை. இதனை அடுத்து, அதே ஓசூர் சாலையில், நிம்ஹான்ஸ் என்று வழங்கும் தேசிய மனநல, நரம்பு விஞ்ஞான நிறுவனம் இருக்கிறது. 1954இல் நிறுவப்பட்ட அகில இந்திய மனநல நிறுவனமும், மைசூர் அரசின் பழைய மனநோய் மருத்துவமனையும் 1974இல் ஒன்றாக இணைக்கப்பட்டபோது உருவானது அது. மனித உறக்கத்தை ஆராயும் ஆய்வுக்கூடமும் அங்கு உண்டு.

2020 மார்ச் மாத இறுதியில், ஊரடங்கு தொடங்கிய சில நாட்களுக்குள், மத்திய சுகாதார அமைச்சகத்தின் சார்பில் இந்நிறுவனம் மன ஆறுதலுக்கான தொலைபேசி உதவிப் பணியைத் தொடங்கிற்று. அவ்வனுபவத்தின் பயனாக 2022 அக்டோபர் 10ஆம் தேதி ‘டெலி-மானஸ்’ என்னும் தேசியத் தொலைபேசிப் பணி அமைக்கப்பட்டது. அதற்கும் நிம்ஹான்ஸ் நிறுவனமே ஒருங்கிணைப்பு நிலையம். இப்பணியை நாடுவோர் கூறும் முறையீடுகளில் மனச்சோர்வு, கவலை ஆகியவற்றோடு உறக்கக் குறையும் முன்வரிசையில் நிற்கிறது. மன நோய் என்று சொல்லக் கூசுபவரும் ‘தூக்கம் வரவில்லை’ என்று சொல்லக் கூசுவதில்லை. இதனைப் பணியாளர்கள் மனத்தில் கொள்ளுதல் வேண்டும். உறக்கத்தைப் பற்றிய கேள்வி மூடியிருக்கும் பல கதவுகளைத் திறக்கும்.

உறக்கம் எவ்வாறு வருகிறது?

உறக்கம் எங்கிருந்து வருகிறது என்பதை விஞ்ஞானம் அறிந்துகொள்ள உதவியதும் ஒரு கொள்ளை நோயே. 1917ஆம் ஆண்டில் வியன்னா நகரில் கான்ஸ்டன்டின் வான் எகனாமோ என்னும் மருத்துவர் புதிய மூளை அழற்சி நோயை விவரித்தார். ஏறத்தாழப் பத்தாண்டு காலம் அது பல நாடுகளில் பரவியது. நோயாளிகளில் பலர் இரவு பகலாக உறங்கினர். வேறு சிலர் உறக்கமே இன்றித் தவித்தனர். இறந்தோரின் மூளைகளை ஆராய்ந்த எகனாமோ, ஹைப்போதலாமஸ் என்னும் அடிப்பகுதியின் பின்புறம் பழுதுபட்டவர்கள் ஓயாது உறங்கியதையும், முன்புறம் பழுதுபட்டவர்கள் உறக்கம் இழந்ததையும் கண்டார். விழிப்பும் உறக்கமும் மூளை தானே நடத்தும் செயல்கள் என்ற தெளிவுக்கு இது வழிகோலியது.

இன்றைய அறிவின்படி, உறக்கத்தை இரண்டு செயல்கள் ஆளுகின்றன. 1982இல் அலெக்சாண்டர் போர்பெலி என்னும் விஞ்ஞானி இக்கொள்கையை வகுத்துரைத்தார். முதலாவது, உறக்கப் பசி எனலாம். விழித்திருக்கும் நேரம் கூடக்கூட அடினோசின் என்னும் பொருள் மூளையில் சேர்ந்துகொண்டே வருகிறது; உறக்கத்தின் தேவையும் ஏறுகிறது. உறங்கியதும் அது குறைகிறது. காப்பியிலும் தேநீரிலும் உள்ள காஃபீன் இந்த அடினோசினின் செயலை மறிப்பதாலேயே அவற்றைப் பருகியவர் விழித்திருக்கிறார். மாலையில் அருந்தும் காப்பியும், பிற்பகலில் நெடுநேரம் உறங்குவதும் இரவு உறக்கத்தைக் கெடுப்பதன் காரணம் இதுவே. பசியாறியவன் பந்தியில் அமர்ந்தால் சோறு இறங்காது, அதுபோன்றதே இது.

இரண்டாவது, உடலின் உட்கடிகாரம். கண்ணரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஹைப்போதலாமஸில், சிறியதொரு நரம்பணுத் திரள் இருக்கிறது. அதுவே உடலின் தலைமைக் கடிகாரம். மனிதரில் அதன் சுற்று 24 மணி நேரத்துக்குச் சற்றே மிகுதியானது. ஆதலால் நாள்தோறும் அதனைத் திருத்தி வைக்க வேண்டும். இல்லையேல் சிறிது சிறிதாகப் பிந்திக்கொண்டே போகும். திருத்தும் கை, காலை வெளிச்சமே. வெட்டவெளியில் பகல் வெளிச்சம் 10,000 லக்ஸ் அளவையும் எளிதில் தாண்டும். மேகமூட்டமான நாளிலும் சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். விளக்கிட்ட அறையினுள்ளோ பெரும்பாலும் சில நூறு லக்ஸ் மட்டுமே. கண்ணுக்கு இரண்டும் வெளிச்சமாகத் தோன்றினும், உட்கடிகாரத்துக்கு அறை ஏறக்குறைய அந்திப்பொழுதே. இரவில் கண்ணெதிரே பிடித்த கைப்பேசியின் ஒளி அக்கடிகாரத்தை மேலும் பின்னுக்குத் தள்ளுகிறது.

பால் மாடு வளர்ப்போர் இதனை ஏட்டில் படிக்க வேண்டுவதில்லை. கறவைக்கும் தீவனத்துக்கும் நேரம் தவறாமை வேண்டும் என்பதை அவர்கள் நெடுங்காலமாக அறிவர். நேரத்தை நாள்தோறும் மாற்றினால் மாடு மிரளும், பாலும் குறையும். மாட்டுக்கு அளிக்கும் அந்த ஒழுங்கை மனிதன் தனக்கு அளித்துக்கொள்ள மறுப்பது வியப்புக்குரியது.

கணக்கு கூறுவது யாது?

உறக்கத்தின் தரம் என்பது உறங்கிய மணி நேரம் மட்டுமன்று. படுத்தபின் உறக்கம் வர எவ்வளவு நேரமாகிறது, இடையில் எத்தனை முறை விழிப்பு ஏற்படுகிறது, மறுநாட் பகலில் உடலும் உள்ளமும் சுறுசுறுப்பாக இருக்கின்றனவா என்பனவும் சேர்ந்ததே தரம். 1989இல் பிட்ஸ்பர்க் பல்கலைக் கழகத்தினர் இதற்கென வினாத்தாள் ஒன்றை அமைத்தனர். அதில் பெறும் எண் 0 முதல் 21 வரை இருக்கும். 5க்கு மேற்பட்டால் உறக்கத்தின் தரம் குறைவு என்று கொள்ளப்படும். பெருந்தொற்றுக் கால ஆராய்ச்சிகள் பலவற்றில் இந்த அளவுகோலே கையாளப்பட்டது.

பெருந்தொற்றுக்கு முன்பும் நிலைமை முற்றும் நன்றாக இருந்ததில்லை. நிம்ஹான்ஸ் ஆராய்ச்சியாளர்கள் தென்னிந்தியாவில் நலமாக இருந்த 1,050 பேரை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட முடிவில், உறக்கமின்மை உடையோர் 18.6 சதவிகிதம் என்று கண்டனர். அதாவது ஏறத்தாழ ஐவரில் ஒருவர். நோய் பரவியபின், 13 நாடுகளைச் சேர்ந்த 44 ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளியான கணக்கில், 54,231 பேரில் உறக்கக் கோளாறு உடையோர் 35.7 சதவிகிதமாக மதிப்பிடப்பட்டனர். பொதுமக்களில் 32.3 சதவிகிதம், சுகாதாரப் பணியாளரில் 36 சதவிகிதம், கோவிட் நோயாளிகளிலோ 74.8 சதவிகிதம். இரு கணக்குகளும் வெவ்வேறு முறையில் எடுக்கப்பட்டவையாதலால் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பார்ப்பது முறையன்று. ஆயினும் திசை தெளிவாகத் தெரிகிறது.

இந்தியாவில் ஊரடங்கின்போது 958 பேர் விடையளித்த ஆய்வொன்று 2020இல் இந்திய மனநோய் மருத்துவ இதழில் வெளிவந்தது. படுக்கும் நேரமும் எழும் நேரமும் பிந்தின. இரவு உறக்கம் குறைந்தது. பகல் உறக்கம் கூடியது. தரம் எல்லாப் பிரிவினரிடத்தும் தாழ்ந்தது என்பன அதன் முடிவுகள். மேலே கூறிய இரு செயல்களையும் இம்முடிவுகளோடு வைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். காலை வெளிச்சம் கிட்டாமையால் கடிகாரம் பிந்தியது. பகலில் உறங்கியதால் இரவின் உறக்கப் பசி அடங்கியது.

ஆஸ்திரியா, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் அதே காலத்தில் 400க்கு மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு மேலும் சிந்திக்கத்தக்கது. அங்கு அலுவலகத்துக்கு ஓடும் அவசரம் நீங்கியதால் உறங்கும் நேரம் சிறிது கூடியது. ஆயினும் உறக்கத்தின் தரம் குறைந்தது. நேரம் கிடைத்தால் மட்டும் போதாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. வெளியிற் சென்று வெயில் பட உலவியவர்களின் உறக்கம் அவ்வளவாகக் கெடவில்லை என்ற குறிப்பும் அவ்வாய்வில் காணப்பட்டது.

கணக்கில் வராதோர்

இவ்வாய்வுகளில் பெரும்பாலானவை கைப்பேசி வழியாகவும் கணிப்பொறி வழியாகவும் நிகழ்ந்தவை. வினாத்தாளைப் படித்து விடை எழுதக் கூடியவரும், கருவியும் ஓய்வும் உடையவருமே அவற்றில் இடம் பெற்றனர். ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுக்கும் குடும்பத்தின் உறக்கத்தை அக்கணக்கு அளந்ததில்லை. கூலி நின்றுபோன கட்டட வேலைக்காரர், வாடகை கேட்டு வரும் வீட்டுக்காரருக்கு அஞ்சியவர், இரவுக் காவலிலிருந்து திரும்பிப் பகலில் உறங்க முயன்று பிள்ளைகளின் ஆரவாரத்தால் விழித்தவர் ஆகியோர் அதில் இல்லை. அடுகோடி போன்ற நெருக்கமான வட்டாரங்களில் இத்தகையோர் சிலர் அல்லர், பலர்.

ஆகவே பெருந்தொற்றுக் கால உறக்கக் கேடு படித்தவரின் கவலை என்று கருதுவது தவறு. ஆய்வு செல்லாத இடத்தில் கேடு இல்லை என்று கொள்வது விஞ்ஞானமும் அன்று. அவ்விடங்களுக்கு நாள்தோறும் செல்பவர்கள் ஆஷா ஊழியர்களும், அங்கன்வாடிப் பணியாளர்களும், சுகாதார ஆய்வாளர்களும், பள்ளி ஆசிரியர்களுமே. இல்லாத கணக்கை நிரப்பக் கூடியவர்கள் அவர்களே.

நோய் நீங்கியும் நீங்காத விழிப்பு

அச்சம் நீங்கினால் உறக்கம் தானே திரும்பும் என்று பலர் எதிர்பார்த்தனர். பெரும்பாலோர்க்கு அவ்வாறே திரும்பியது. சிலர்க்குத் திரும்பாததன் காரணத்தை ஆர்தர் ஸ்பீல்மன் என்பவர் 1980களிலேயே விளக்கியிருக்கிறார். உறக்கமின்மைக்கு மூன்று வகைக் காரணங்கள் உண்டு. எளிதில் கலங்கும் இயல்பு போன்றவை முன்னரே உள்ள காரணங்கள். நோய், இழப்பு, அச்சம் ஆகியவை தொடங்கி வைக்கும் காரணங்கள். உறக்கம் கெட்டவர் அதனை ஈடுசெய்யக் கையாளும் பழக்கங்கள் நிலைநிறுத்தும் காரணங்கள். இரவில் சரியாக உறங்காதவர் காலையில் நெடுநேரம் படுத்திருக்கிறார். பிற்பகலில் மீண்டும் படுக்கிறார். மாலையில் காப்பியை நாடுகிறார். இரவில் உறக்கம் வருமோ வராதோ என்று முன்கூட்டியே படுத்துக் காத்திருக்கிறார். படுக்கையே கவலைக்கு இடமாகி விடுகிறது. தீயை மூட்டிய குச்சி அணைந்தபின்னும் விறகு எரிவதுபோல, தொடங்கி வைத்த காரணம் மறைந்தபின்னும் உறக்கமின்மை நீடிக்கிறது.

ஆகையால் நாட்பட்ட உறக்கமின்மைக்கு முதலில் வேண்டுவது பழக்கத் திருத்தமே, மாத்திரை அன்று. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்னும் சங்கம் 2016இல் வெளியிட்ட பரிந்துரையும், சிந்தனையையும் பழக்கத்தையும் திருத்தும் சிகிச்சையே முதலில் அளிக்கத்தக்கது என்று கூறுகிறது. உறக்க மாத்திரையை மருத்துவர் குறுகிய காலத்துக்குக் கொடுக்க நேரிடலாம். அண்டை வீட்டாரின் சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கி விழுங்குவதோ பழகிப்போதல், தடுமாறி விழுதல், நினைவு மங்குதல் முதலிய தீங்குகளுக்கு இடமாகும். மதுவைத் துணைக்கொள்வது இதனினும் தீது. அது விரைவில் கண்ணயரச் செய்யினும், இரவின் பிற்பகுதி உறக்கத்தைத் துண்டு துண்டாக்கிவிடும்.

பிழைப்பே போராட்டமாக இருக்கும்போது உறக்கத்தைப் பற்றிப் பேசுவது ஆடம்பரம் என்று சிலர் கருதக்கூடும். இக்கருத்து மதிப்புக்குரியதேனும் சரியானதன்று. 2002இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், சில இரவுகள் நாளொன்றுக்கு 4 மணி நேரம் மட்டுமே உறங்க விடப்பட்ட இளைஞர்களுக்கு இன்புளூயன்சா தடுப்பூசி போடப்பட்டது. 10 நாட்களுக்குப் பின், வழக்கம்போல் உறங்கியவர்களிடம் தோன்றிய எதிர்ப்புப் பொருளில் பாதிக்கும் குறைவாகவே அவர்களிடம் காணப்பட்டது. 2009இல் வெளியான வேறோர் ஆராய்ச்சியில் 153 பேரின் மூக்கில் ஜலதோஷக் கிருமி இடப்பட்டது. 7 மணி நேரத்துக்குக் குறைவாக உறங்கியவர்களுக்கு நோய் கண்ட வாய்ப்பு, 8 மணி நேரமும் அதற்கு மேலும் உறங்கியவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. உடம்பே மூலதனமாக உழைப்பவர்க்கு உறக்கம் ஆடம்பரமன்று. தடுப்பூசிக்கும் உணவுக்கும் துணைநிற்கும் காவல் அது.

ஆசிரியர் செய்யத்தக்கது

கர்நாடகத்தில் 1 முதல் 5ஆம் வகுப்பு வரை பயிலும் குழந்தைகளுக்குப் பள்ளி மணி 2020 மார்ச் மாதத்தில் ஓய்ந்தது. 2021 அக்டோபர் 25ஆம் தேதிதான் அது மீண்டும் ஒலித்தது. ஏறத்தாழ 19 மாத காலம், குழந்தையை எழுப்பி, குளிப்பாட்டி, வெயிலில் நடத்திச் சென்ற கட்டாயம் இல்லாதிருந்தது. பள்ளி கற்பிக்கும் இடம் மட்டுமன்று, குழந்தையின் உட்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் இடமும் ஆகும் என்பது அப்போதுதான் விளங்கியது.

6 முதல் 12 வயது வரை நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் தேவை. பருவமடையும் வயதில் உட்கடிகாரம் இயல்பாகவே பிந்துகிறது. வகுப்பில் கண்ணயரும் மாணவனைச் சோம்பேறி என்று வைவதற்கு முன், அவன் எத்தனை மணிக்குப் படுக்கிறான், எங்கே படுக்கிறான், யாருடைய கைப்பேசி இரவில் அவன் கையில் இருக்கிறது என்று தனியே அழைத்து வினவுதல் நலம். இவ்வினா தண்டனையின் தொடக்கமாக இல்லாமல், பரிவின் தொடக்கமாக இருத்தல் வேண்டும்.

2020 ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை கர்நாடகத்தில் ‘வித்யாகமா’ என்னும் திட்டம் நடைபெற்றது. ஆசிரியர்கள் மாணவர் வாழும் இடத்துக்கே சென்று, மரத்தடியிலும் கோயில் திண்ணையிலும் சமுதாயக் கூடங்களிலும் சிறு குழுக்களாகப் பாடம் நடத்தினர். தொற்று அச்சத்தால் அது நிறுத்தப்பட்டது. தமிழ்நாட்டில் கல்வித் தொலைக்காட்சி வகுப்புவாரியாக, குறித்த நேரத்தில் பாடங்களை ஒளிபரப்பியது. கல்வியின் பொருட்டு எழுந்த இம்முயற்சிகளின் மற்றொரு பயன் அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. மரத்தடி வகுப்பு குழந்தைக்குப் பகல் வெளிச்சத்தைக் கொடுத்தது. கால அட்டவணைப்படி வந்த பாடம் நாளுக்கு வடிவம் கொடுத்தது. விரும்பிய நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று கைப்பேசிக்கு அனுப்பிய பாடம் இவ்விரண்டையும் கொடுக்க இயலாது. இனியொரு முறை பள்ளிகளை மூட நேரின், காலையில் குறித்த நேரத்தில், போதிய இடைவெளியுடன், திறந்தவெளியில் அரை மணி நேரமாவது குழந்தைகள் கூடும் ஏற்பாடு இருத்தல் வேண்டும். அதுவும் இயலாவிடில், குறித்த வேளையில் பெயரழைத்து வருகை பதியும் வழக்கத்தையாவது தொலைபேசியில் தொடர்தல் வேண்டும்.

களப்பணியாளர் செய்யத்தக்கது

வீடு வீடாகச் செல்பவர் காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா என்று கேட்பதோடு உறக்கத்தையும் கேட்கலாம். மூன்று வினாக்கள் போதும். படுத்தபின் உறக்கம் வர நெடுநேரம் ஆகிறதா? இடையில் விழித்தால் மீண்டும் உறங்க முடிகிறதா? பகலில் வேலை செய்யும்போது சோர்வோ சினமோ மேலிடுகிறதா? வாரத்தில் மூன்று இரவுகளுக்குக் குறையாமல், மூன்று மாதங்களாக இவ்வாறு இருப்பின் அது நாட்பட்ட உறக்கமின்மை எனக் கொண்டு மருத்துவரிடம் அனுப்புதல் தகும். உரத்த குறட்டையும், உறக்கத்தில் மூச்சு நின்று திணறலும் இருந்தால் அது வேறு நோயாதலால் உடனே காட்ட வேண்டும். வாழ்க்கையில் வெறுப்பும் தற்கொலை எண்ணமும் வெளிப்பட்டால் சிறிதும் தாமதிக்காமல், அவரைத் தனியே விடாமல், மருத்துவ உதவியை நாட வேண்டும். டெலி-மானஸ் பணியை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம்.

மற்றையோர்க்குக் கூறத்தக்க அறிவுரை சுருக்கமானது. எத்தனை மணிக்குப் படுத்தாலும் எழும் நேரத்தை மாற்றாதிருத்தல் முதலாவது. எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் வாசலிலோ மொட்டை மாடியிலோ தெருவிலோ அரை மணி நேரம் பகல் வெளிச்சம் பட இருத்தல் இரண்டாவது. பகல் உறக்கம் வேண்டுமாயின் பிற்பகல் 3 மணிக்கு முன், அரை மணி நேரத்துக்கு மேற்படாமல் நிறுத்திக்கொள்ளுதல் மூன்றாவது. உறக்கம் வராதபோது படுக்கையில் புரளாமல் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் அமைதியாக அமர்ந்திருந்து, கண் சொருகும்போது மீண்டும் படுத்தல் நான்காவது. ஒரே அறையில் வாழும் குடும்பத்தில் இந்நான்காவதைக் கடைப்பிடித்தல் அரிது. ஆயினும் முதலிரண்டும் எவர்க்கும் செலவின்றிக் கைகூடுவன. ஐரோப்பாவின் வடபகுதியில் குளிர்காலத்தில் காலை வெளிச்சம் அரிய பொருள். நிலநடுக் கோட்டிலிருந்து 13 பாகை வடக்கே அமைந்த பெங்களூருவிலோ ஆண்டு முழுவதும் பகல் 11 மணி நேரத்துக்கு மேற்பட்டது. இம்மருந்து வாசற்படியிலேயே கிடக்கிறது.

களப்பணியாளர் தம் உறக்கத்தையும் மறத்தல் ஆகாது. மேற்கூறிய தொகுப்புக் கணக்கில் சுகாதாரப் பணியாளரின் நிலை பொதுமக்களினும் தாழ்ந்திருந்தது. இரவு பகல் என்று முறைமாறிப் பணியாற்றுவோர்க்குக் காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிச் செல்லும் மாற்றமே உடலுக்கு எளிது. இரவிலிருந்து மாலைக்கும், மாலையிலிருந்து காலைக்கும் பின்னோக்கி இழுக்கும் மாற்றம் கடினம். இதனை மேலதிகாரியிடம் எடுத்துரைப்பது சலுகை கேட்பதாகாது. உறக்கம் கெட்ட ஊழியர் மருந்தின் அளவையும் நோயாளியின் பெயரையும் மாற்றி எழுதக்கூடும் என்பதால், அது பொதுமக்களின் பாதுகாப்பைக் கருதிய கோரிக்கையே ஆகும்.

நிர்வாகத்தின் கடமை

தொற்று நோய்களை எதிர்கொள்ளும் திட்டங்களில் முகக்கவசம், சோதனை, தனிமைப்படுத்தல், தடுப்பூசி ஆகியவற்றுக்கு இடம் உண்டு. மக்களின் நாள் ஒழுங்குக்கும் அவற்றில் இடம் வேண்டும். 2020 மார்ச் 24ஆம் தேதி இரவு 8 மணிக்கு அறிவிக்கப்பட்ட 21 நாள் ஊரடங்கு அன்று நள்ளிரவே தொடங்கியது. அவசரத்தின் கட்டாயத்தை எவரும் மறுப்பதற்கில்லை. எனினும், அரிசி இருப்பையும் ஊர் திரும்பும் வழியையும் எண்ணி எத்தனை வீடுகளில் அன்றிரவு விளக்கணையாதிருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். முடிந்தவரை அறிவிப்புகளைக் காலையில் வெளியிடுதலும், இறப்புக் கணக்குகளை இரவு நேரச் செய்தியில் ஓயாது ஒலிக்காதிருத்தலும், ஊரடங்கிலும் காலை ஒரு மணி நேரம் தெருவாரியாக வெளியில் நடக்க இடமளித்தலும், தனிமைப்படுத்தும் நிலையங்களில் இரவில் விளக்கைத் தணித்துப் பகலில் சாளரங்களைத் திறந்து வைத்தலும் பெரும் பொருட்செலவைக் கோருவன அல்ல. இரவுப் பணி முடித்து வரும் காவலருக்கும் செவிலியருக்கும் பகலில் அமைதியாக உறங்க ஓர் இடம் ஒதுக்குதல் சிறிது செலவு பிடிக்கும், அச்செலவு வீணாகாது.

கூலி நின்றவர்க்குக் கூலியும், இடமற்றவர்க்கு இடமும் கிடைத்தாலன்றி, காலை வெயில் மட்டும் உறக்கத்தைத் தந்துவிடும் என்று கூறுவதற்கில்லை. பசித்த வயிற்றுக்கு உறக்க அறிவுரை உதவாது. ஆனால் அவை கிடைக்கும்வரை மற்றதைத் தள்ளிவைப்பதும் நியாயமன்று. நோயை நிறுத்தும் ஆற்றல் எப்போதும் மனிதர் கையில் இருப்பதில்லை. பொழுது விடிந்ததும் எழுந்து வெளிச்சத்தில் நிற்கும் ஏற்பாடோ பெரும்பாலும் கையெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. அடுத்த கொள்ளை நோய் எப்போது வரும் என்பது தெரியாது. அது வரும் நாளில், மூடவேண்டிய கதவுகளின் பட்டியலோடு, காலைதோறும் திறந்திருக்க வேண்டிய கதவுகளின் பட்டியலும் ஒவ்வோர் ஊரிலும் ஆயத்தமாக இருக்குமானால், அவ்வூரார் இழக்கும் இரவுகள் குறையும்.